கீழ்த்தளத்துச் சுருதி

மின் நிறுத்த அறிவிப்புகளை எட்டு வருடம் திருத்தியிருக்கிறேன். மதுரையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலை. எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்த ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சரிபார்க்க வேண்டும். ஒரு தெரு விட்டுப்போனால் காலையிலேயே தொலைபேசி வரும். அந்தப் பக்கத்தில் சுவையே இல்லாத செய்தி அதுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது சிவகாசியில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிப் பிழைக்கிறேன். பேப்பரில் முதலில் தேடுவது அந்த அறிவிப்பைத்தான்.

காரணம், வீடு. கீழே காலண்டர் அடிக்கும் ஆப்செட் அச்சகம்; நாலு கலரையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பெரிய மிசின். மேலே நானும், விருதுநகரில் செவிலியராக இருக்கும் என் கணவரும். பின்னறையில்தான் ஒலிப்பதிவு. சனி, ஞாயிறுகளில் அதே அறையில் பாட்டு வகுப்பு. சுவரில் மெத்தையும் கம்பளியும் அடித்திருக்கிறோம். தெருவில் போகும் லோடு ஆட்டோவை அது தடுக்கும். தரை வழியாக ஏறிவரும் மிசின் சத்தத்தை எதுவும் தடுக்காது. ஆடியில் காலண்டர் சீசன் தொடங்கினால் மார்கழி வரை இரவும் பகலும் இரண்டு ஷிப்ட். கிட்டார், கீபோர்டை வயரில் நேரடியாகப் பதிந்துவிடலாம். குரலுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை வரும் மின் நிறுத்த நாளில், சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாடுவேன். வெளியூர் மேடைகளில் இதைச் சொன்னால் நல்ல சிரிப்புக் கிடைக்கும். அந்த மிசினை என் எதிரியாகவே காட்டி வந்தேன்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு நாள். ஆல்பத்தில் எட்டுப் பாட்டு, ஏழு முடிந்திருந்தது. எட்டாவது, காரியாபட்டி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. வாத்தியமே கிடையாது, வெறும் குரல். அந்தப் பாட்டுக்காகத்தான் ஆல்பத்தையே தொடங்கினேன். மறுநாள் விடிகாலை கொச்சிக்குக் கிளம்ப வேண்டும். அங்கிருந்து பெங்களூரு, மைசூரு என்று பன்னிரண்டு நாள். ஒலிக்கலவை செய்யும் சென்னை நண்பர், அன்று மாலைக்குள் பாட்டு வராவிட்டால் ஏழோடு முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அடுத்து சினிமா வேலை இருந்தது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மிசின் இழுத்து இழுத்து நின்றது. பாடினேன். கேட்டுப் பார்த்தால், தொடங்கிய இடம் ஒன்று, முடிந்த இடம் ஒன்று. கடைசி வரியில் சுருதி கால் கட்டை இறங்கியிருந்தது. மறுபடி பாடினேன். பதினோரு மணிக்குள் ஆறு முறை, ஆறும் இறக்கம். செல்போனில் சுருதிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு சபாவில் உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டது.

அப்போதுதான் மல்லாங்கிணறு சர்ச்சில் நடந்தது நினைவுக்கு வந்தது. முந்தின கிறிஸ்துமஸுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரும் அங்கே பாடினார்கள். வகுப்பில் கச்சிதமாகப் பாடுகிறவர்கள் அங்கே சேர்ந்தாற்போல இறங்கிப்போனார்கள். கூச்சம் என்று பெற்றோரிடம் சொன்னேன். கூச்சம் இல்லை. அவர்கள் வாரா வாரம் மிசின் சத்தத்தையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான். இந்தப் பாட்டு முழுவதும் அந்தச் சத்தத்தின் மேல் கட்டியது.

கீழே போனேன். மிசின்மேன் மண்ணெண்ணெய்த் துணியால் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் அக்கா காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா டீச்சர்? இன்னைக்காச்சும் நிம்மதியாப் பாடுனீகளா?” என்றார் மிசின்மேன்.

“மிசின் ஓடாம பாட்டு இறங்கிப் போகுதுண்ணே.”

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நல்லாருக்கு கத. ஓடுனா எப்ப நிறுத்துவீகன்னு வந்து நிக்காக. நின்னா ஏன் ஓடலைன்னு வந்து நிக்காக.”

“அவசரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கு, போடட்டுமா?” என்றார் மிசின்மேன்.

“வேண்டாம்ணே. மைக்ல விழுந்துரும். என் காதுக்கு மட்டும் கேக்கணும்.”

அவர் துணியைக் கீழே வைத்தார். வாயை மூடிக்கொண்டு மிசின் சத்தத்தை ‘ம்ம்ம்’ என்று பிடித்தார்.

“சோறு திங்கும்போதும் இந்த முனங்கல்தானாம், அவுக வீட்டம்மா எங்கிட்ட அழாத குறை” என்றார் அக்கா.

மிசின் ஓடும்போது முன்பு நான் பாடிக் கெட்டுப்போன பதிவு ஒன்றைக் கொண்டுவந்து ஒப்பிட்டேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

கையைக் கழுவிவிட்டு மேலே வந்தார். பிள்ளைகள் உட்காரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பேப்பர் ஏறுன மாதிரியா, சும்மா ஓடுத மாதிரியா டீச்சர்?” என்று கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது ஐந்து வருடம் மேலேயே குடியிருந்த எனக்குத் தெரியாது. இரண்டையும் பாடிக் காட்டினார். பேப்பர் ஏறியதையே கேட்டேன். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஐந்து நிமிடம் பிடித்தார், பதிந்துகொண்டேன். “இம்புட்டுதானே?” என்று எழுந்து போனார்.

அதை ஹெட்போனில் போட்டுக்கொண்டு பாடினேன். இரண்டாவது முறையில் பாட்டு சுருதியில் நின்றது. தொடங்கிய இடத்தில் முடிந்தது. மணி பன்னிரண்டே முக்கால். எனக்கு அழுகை வந்தது, அதையும் குறிப்பிட வேண்டும்.

அவசரத்தில் சென்னைக்கு முழு ஃபோல்டரையும் அனுப்பிவிட்டேன். நாலரைக்கு நண்பர் அழைத்தார்.

“உன் குரலுக்குக் கீழ ஒரு ஆள் முனங்குறாரே, யார் அது?”

“தப்பா வந்திருச்சு. அதை எடுத்திருங்க.”

“எடுக்கவா? அவர் மூச்சு வாங்குற இடத்துலதான் நீயும் மூச்சு வாங்குற. நல்லாக் கேளு. அவர் இல்லாம இந்தப் பாட்டு இல்ல.”

கேட்டேன். உண்மைதான்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. சம்மதம் கேட்கக் கீழே போனபோது மிசின் ஓடிக்கொண்டிருந்தது. காதருகே கத்திச் சொன்னேன்: அவர் குரலும் பாட்டில் வருகிறது, பேரைப் போட வேண்டும், எப்படிப் போடட்டும்?

“பேரெல்லாம் எதுக்கு டீச்சர். மிசின்மேன்னு போடுங்க, போதும்” என்று கத்தினார்.

நன்றி சொல்லி வாசலுக்கு வந்திருப்பேன். பின்னாலேயே வந்துவிட்டார்.

“சும்மா மிசின்மேன்னு போட்டா ரெண்டு கலர் அடிக்கிற சின்ன மிசின்னு நினைச்சுருவாக. நாலு கலர் மிசின்மேன்னு போடுங்க.”

அப்படியே போட்டிருக்கிறேன்.