கும்பத்தில் பிடித்ததாக ஒரு பூச்சி

"பூச்சியெ ஊசியிலெ குத்தறதுக்கு காலேஜ் எதுக்காக்கும்டி?" என்று அத்தை கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், காலேஜ் வரை வந்த முதல் ஆள் நான். "அதுக்கு லத்தீன்லெ ரெண்டு பேர் உண்டு, தெரியுமோ?" என்றேன் மிடுக்காக.

"அதுக்குத் தெரியுமோ?" என்றாள் அத்தை.

ஆசிரியை கொடுத்த வேலை இது: மலையாள ஆண்டில் சிங்கம் முதல் கர்க்கடகம் வரை பன்னிரண்டு மாதமும் ஒரே வகை வண்ணத்துப்பூச்சியைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். மாதம் ஒன்றைப் பிடித்து, மாதப் பெயர் எழுதிய சீட்டோடு பெட்டியில் குத்தி வைக்க வேண்டும். கிள்ளியாற்றங்கரைப் புல்லில் சிறகை விரித்து வெயில் காயும் செம்மஞ்சள் பூச்சியை எடுத்துக்கொண்டேன். சிறகில் மயில்தோகைக் கண் போலப் பெரிய புள்ளி. நீர்முள்ளிச் செடியில் முட்டையிடும். அதன் புழுவுக்கும் உடம்பெல்லாம் முள். நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து எங்கள் ஊர் ஸ்ரீவராகத்தில் தங்கிப் படித்த என் தோழியும் அதையேதான் எடுத்தாள். ஆனால் கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பார்த்ததை எழுதிவிட்டுப் பறக்கவிட்டாள்.

பூஜை அறை இருக்கும் வீட்டில் செத்த பூச்சி கூடாது என்று அம்மா என் பெட்டியைப் பரணில் ஏற்றியிருந்தாள். மழை கொட்டும் கர்க்கடகத்தில் கடைசிப் பூச்சியை வைக்க இறக்கினால், வறண்ட கும்ப மாதத்தில் பிடித்த பூச்சியை எறும்பு தின்றிருந்தது. ஊசியும் சீட்டும்தான் மிச்சம். மறுநாள் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். மழை விட்ட நேரத்தில் ஆற்றங்கரைக்கு ஓடி ஒன்றைப் பிடித்து, அதே சீட்டின்மேல் குத்தினேன். மேல்பக்கம் ஒன்று போலத்தான் இருந்தது.

கும்பத்தில் பார்த்தவை எல்லாம் சிறகின் அடிப்பக்கத்தில் கண்ணே இல்லாமல் காய்ந்த இலை போல இருந்தன, மழைக்காலத்தில்தான் அங்கே கண் வருகிறது என்று தோழி தன் நோட்டில் எழுதியிருந்தாள். மறுநாள் அதைப் படித்த ஆசிரியை என் கும்பப் பூச்சியை ஊசியோடு தூக்கித் திருப்பினார். அடியிலும் வரிசையாகக் கண்கள்.

"அப்போள் இது எந்தா குட்டி?" என்று என் பூச்சியைக் காட்டி மலையாளத்தில் தோழியிடம் கேட்டு, அவள் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தார்.

வெளியே வந்ததும், "இத எங்கட்டி புடிச்ச?" என்றாள் தோழி.

"ஆத்தங்கரையிலெதான்."

இடம் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அப்பம் எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு தன் கண்ணால் பார்த்த எதையும் அவள் நோட்டில் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்ததை மட்டும் எழுதினாள். என் பெட்டியை வகுப்பு அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்ப்பேன்.

இன்டர்மீடியட் முடிந்து பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடும் நாள் வந்தது. தோழி சரித்திரம் என்று எழுதினாள்.

"பூச்சி, செடின்னு உயிரெ விடுவியே?"

"எனக்குப் பாக்கத் தெரியாதுட்டி. அன்னைக்கே தெரிஞ்சு போச்சுல்லா?"

நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன். கும்பம் என்ற சீட்டை உருவி ஆசிரியையின் மேசைமேல் வைத்து, எறும்பு தின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோழியின் பழைய நோட்டைத் தேடி எடுத்து அவளிடம் சேர்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

அந்த நோட்டோடு ஸ்ரீவராகத்துக்கு நடந்து, அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.