நான்காவது வரி

அந்தக் கசெட்டுக்குள் பென்சிலை விட்டு நாடாவை மெல்லச் சுற்றிக்கொண்டு போனால், ஓரிடத்தில் செலோடேப் துண்டு ஒன்று எட்டிப் பார்க்கும். நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டிய இடம் அது. ஒட்டியவர் எங்கள் இசைக்குழுவின் பாடகர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஒத்திகை நடக்கும். கசெட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, ஒரு பாட்டை வரி வரியாகப் பிடிப்போம். இந்தக் கசெட்டில் இருந்த டூயட் பாட்டுத்தான் பின்னாளில் கொழும்புக் கல்யாணங்களில் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதை நாங்கள் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பிழையாகப் பாடினோம்.

அண்ணன் பகலில் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தார். ஆணிப் பெட்டிகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருக்கிற மனிதர், மேடையில் ஏறினால் வேறு ஆளாகிவிடுவார். வேறு ஆள் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பாட்டை முதலில் பாடிய பாடகராகவே ஆகிவிடுவார். அந்தப் பாடகர் ஒரு சொல்லுக்கு முன்னால் இலேசாக மூச்சு இழுத்திருந்தால் அண்ணனும் அதே இடத்தில் இழுப்பார். அந்த நாளில் கவர் வேர்ஷன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நாங்கள் செய்தது கொப்பி. “கொப்பின்னா கொப்பி மாதிரி இருக்கணும்” என்று அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் குறைந்தது மூன்று தடவையாவது சொல்லுவார். கல்யாண வீட்டில் யாராவது வந்து, நீங்கள் பாடுகிறீர்களா கசெட் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டால் போதும், திரும்பி வரும்போது வான் வண்டியில் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் கிடைக்கும்.

அப்படிப்பட்டவர் இந்த ஒரு பாட்டில் மட்டும் பிழைவிட்டார். இரண்டாவது சரணத்தில் பெண் குரலுக்கு நான்கு வரிகள், பிறகுதான் ஆண் குரல் வரும். எங்கள் பாட்டில் நான் மூன்று வரி பாடி முடிக்க, அண்ணன் உடனே தன்னுடையதைத் தொடங்கிவிடுவார். நான்காவது வரி கிடையாது. கசெட் பிளேயரில் சிக்கி அறுந்துவிட்டது, ஒட்டும்போது அந்தத் துண்டு போய்விட்டது என்று அவர் சொல்லியிருந்தார். முழுப் பாட்டை நாங்கள் எல்லோரும் வானொலியில் கேட்டவர்கள்தான். கீபோர்ட் வாசிப்பவர் ஒருநாள் அதைச் சொல்லியும் பார்த்தார். நம்ம கசெட்டில் இருப்பதுதான் நமக்கு என்று அண்ணன் முடித்துவிட்டார். மூச்சைக்கூடக் கொப்பியடிக்கிற மனிதருக்கு இந்த இடத்தில் மட்டும் என்ன பிடிவாதம் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டோம்.

பார்க்கிறவர்களுக்கு அவர் என் வரியைப் பறிக்கிற மாதிரித்தான் இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண ஹோலில் பாடி முடித்து இறங்கியபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பாட விடுகிறாரில்லையே பிள்ளை என்று கவலைப்பட்டார். நான் சிரித்துவிட்டு, அவர் அப்படித்தான், எனக்குப் பழகிவிட்டது என்றேன். பிறகும் பல தடவை பல பேரிடம் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பரிதாபம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இப்போதைய கவர் பாட்டுகளை நான் காலி வீதி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது போனில் கேட்பேன். நாங்கள் மாற்றாமல் பாடிப் பெயர் வாங்கினோம், இவர்கள் மாற்றிப் பாடிப் பெயர் வாங்குகிறார்கள். சமையலறையில் இருந்துகொண்டு இரண்டு சகோதரிகள் கிற்றாருடன் பாடியதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. மறைந்த இசையமைப்பாளர் ஒருவருக்கு அஞ்சலியாக இளம் பாடகர்கள் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு ஒன்றில் ஒரு தாலாட்டு இருக்கிறது, அதுவும் பிடிக்கும். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாடுகிறவர் எந்த இடத்தில் நழுவுகிறார் என்று பிடித்துவிடுவேன். உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்திவிட்டு, அதை ஏதோ புதுமை மாதிரிக் காட்டுவார்கள். என்னிடம் தப்ப முடியாது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள், அக்காவிடம் பாட்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பார்கள்.

அண்ணன் போன வருடம் இறந்தார். கடையில் மயங்கி விழுந்தவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நான் போனேன், அண்ணிக்குப் பக்கத்தில் இருந்தேன், கனத்தை மயானத்துக்கும் போய் வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு இடியப்பம் சாப்பிட்டேன். எத்தனை சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது, ஆறு. இத்தனை வருடம் கூடப் பாடினவள் கல்லு மாதிரி இருக்கிறாளே என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். அழுகை பிறகு வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன், பிறகு காத்திருப்பதையும் மறந்துவிட்டேன்.

அண்ணனின் மகள் லண்டனில் இருக்கிறாள். முதலாம் ஆண்டு நினைவுக்கு அப்பா பாடிய பாட்டுகளைக் குழுவில் உள்ளவர்கள் பாடி, ஒரு தொகுப்பாக இணையத்தில் போடவேண்டும் என்று அவள்தான் தொடங்கினாள். பத்துப் பாட்டு. ஒன்பதை மற்றவர்கள் பாடுவது, டூயட்டில் மட்டும் அப்பாவின் குரலே வரவேண்டும் என்றாள். பழைய கல்யாண வீடியோவிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்க இப்போது வசதி இருக்கிறதாம். என்னுடைய பகுதியை நான் புதிதாகப் பாடவேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. நாங்கள் பாடிய அந்த வீடியோவை யாரோ முன்பே இணையத்தில் போட்டிருந்தார்கள், அதன் கீழே, இந்த ஆளுக்கு என்ன அவசரம், பாவம் அந்தப் பொம்பிளையைப் பாட விடுகிறாரில்லை என்றெல்லாம் எழுதிச் சிரித்திருந்தார்கள்.

“அப்பாவோட பிழையத் திருத்திடுவோம் ஆன்ட்டி” என்றாள் மகள். “அவர் பேர்ல வர்றது சரியா வரட்டும்.”

நான் ஓம் என்றேன். முழு நீளக் கரோக்கே இசையில் நான் நான்கு வரியையும் பாடுவது, அண்ணனின் குரலை ஒரு வரி பின்னால் தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று.

ஸ்டூடியோ வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். ஒலிப்பதிவு செய்தவர் பொறுமையான மனிதர். அண்ணியும் வந்திருந்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்த கதிரையில் இருந்தார். முதல் மூன்று வரியும் ஒரே தடவையில் சரியாயிற்று. நான்காவது வரி என் வாயில் அதுவரைக்கும் வந்ததேயில்லை என்றுதான் நினைத்தேன். அது ஏறிக்கொண்டே போகிற வரி. கடைசிச் சொல்லில் என் குரல் உடைந்தது. மறுபடி பாடினேன், உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினேன். ஒரு ரயில் போனது, அது போன பிறகும் பாடினேன். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒலிப்பதிவாளர், பரவாயில்லை, கிட்டப் போய்விட்டது, மிச்சத்தை மெஷின் ஏற்றிவிடும் என்றார். ஏதோ செய்து போட்டுக் காட்டினார். என் குரல் ஏறி அந்த இடத்தைச் சுத்தமாகத் தொட்டது. அதற்குப் பிறகு அண்ணனின் குரல் வந்தது, முறைப்படி, அவசரப்படாமல். எனக்கு அதைக் கேட்டு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு ஆட்கள் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள், அவ்வளவுதான்.

வயது போய்விட்டது என்று நான் அண்ணியிடம் பகிடியாகச் சொன்னேன். அண்ணன்ட கசெட் அந்த இடத்தில் அறுந்தது என்ர நல்ல காலம், இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க இந்த வரியோடு மாரடித்திருப்பேன் என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. கைப்பையின் சிப்பைத் திறந்தார், மூடினார்.

“கசெட் அறுந்து போகலம்மா. அவரே பிளேடால வெட்டி ஒட்டுனாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.”

நல்ல கசெட்டை ஏன் நாசமாக்குகிறீர்கள் என்று அண்ணி அன்று கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை அவர் அப்படியே, அண்ணனின் குரலில்போலச் சொன்னார்.

“அந்தப் புள்ளைக்கு அந்த எடம் எட்டல. எல்லாருக்கும் முன்னால சொன்னா, அடுத்த கெழம அது வராது.”

சுருதியை இறக்கியிருந்தால் அவருடைய பகுதி அடியில் போய் அமுங்கியிருக்கும். பாட்டை விட்டுவிடலாம் என்றால், கல்யாண வீடுகளில் எல்லோரும் கேட்ட பாட்டு அது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அண்ணியிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். அவரே போன பிறகு இனி எதற்கு மறைக்கவேண்டும் என்று அண்ணி மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு என் முதல் ஒத்திகை ஞாபகம் வந்தது. எனக்கு இருபது வயது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிப் போய், தெரியாத வீட்டில், தெரியாத ஆட்களுக்கு நடுவில் நின்று இந்தப் பாட்டைப் பாடினேன். அந்த இடத்தில் குரல் கீச்சிட்டது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னர் அண்ணன் கையைத் தட்டி, பிளேன்டீ ஆறுது, குடிச்சிட்டுப் பாப்போம் என்றார். பிறகு வேறு பாட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த ஞாயிறு கசெட் அறுந்துவிட்டது என்று கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஊரில் உள்ள பாடகிகள் நழுவுகிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது, என்னுடைய இடம் மட்டும் தெரியவில்லை. ஒவ்வொரு மேடையிலும் அந்த மனிதர் அவசரக்காரராக, பெண்ணுடைய வரியைப் பறிக்கிறவராக நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் பாவப்பட்டவளாக நின்று அனுதாபத்தை வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதையும் ஏதோ தூரத்தில் இருந்து பார்ப்பதுபோலத்தான் உணர்ந்தேன்.

மெஷின் ஏற்றிய வரியை அழித்துவிடச் சொன்னேன். மகள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒலிப்பதிவாளர் தயங்கினார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று பல்கனிக்குப் போய் லண்டனுக்கு எடுத்தேன். அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“அது அப்பாட பிழை இல்லை, மகள்” என்றேன். “எனக்கு அந்த இடம் எட்டேல்லை. அப்பா எனக்காகத்தான் அதை வெட்டினவர். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்.”

அவள், கடைசியாகக் கொழும்புக்கு வந்திருந்தபோது அந்த வீடியோவையும் கீழே எழுதியிருந்ததையும் அப்பாவிடம் காட்டிச் சண்டை பிடித்ததாகச் சொன்னாள். என்னை வெட்கப்படுத்துறீங்க அப்பா என்று சொன்னாளாம்.

“அப்பவாவது சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. ‘சரிம்மா, அடுத்த தடவ பாத்துப் பாடுறேன்’னு மட்டுந்தான் சொன்னாரு.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அவள் அழுது முடியுமட்டும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே ஒரு ரயில் தெகிவளைப் பக்கம் போனது. அவள் அழுவதைக் கேட்கக் கேட்க எனக்கும் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கடைசியில் அவளே, நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் பாடுகிற மாதிரியே போடுங்கள் என்றாள்.

உள்ளே போய் மூன்று வரி பாடினேன். அண்ணன் வந்து புகுந்தார்.

தொகுப்பு இரண்டு கிழமைக்கு முன் வெளியானது. குழுவினர் பாடிய ஒன்பதும் நன்றாக இருக்கின்றன, கீபோர்ட் வாசிப்பவர் பாடுவார் என்றுகூட எனக்கு இவ்வளவு காலம் தெரியாது. நேற்றுக் காலை பஸ்ஸில் டூயட்டுக்குக் கீழே பார்த்தேன். இதயம் போட்டவர்கள், கைகூப்பியவர்கள், தங்கள் கல்யாணத்தில் பாடினதாக எழுதியவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஒருவர், நல்ல குரல்தான், ஆனால் அந்தப் பெண்ணின் வரியை விழுங்கிவிட்டாரே என்று எழுதியிருந்தார். பஸ் பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றுகொண்டிருந்தது. நான் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். அவர் விழுங்கவில்லை, அந்த வரி எனக்கு எட்டாது, அது தெரியக்கூடாது என்று அவர் முந்திக்கொண்டார் என்று எழுதினேன். அதன் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன்.