தைலக்காரர் பேசப் பேச

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது சந்தோஷப்பட்டது நான் மட்டும்தான். என் பெரியப்பா மகன் அதே கல்லூரிக்குப் போய், முதல் தவணையோடு படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பியவர். அங்கே யாரும் கரும்பலகையில் எழுதிப் போடுவதில்லை, வந்து மலாயில் மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் சொன்னதை அப்பா மறக்கவே இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா, தெரிந்தவரிடம் சொல்லி ஒரு ஃபேக்டரியில் எனக்கு வேலையும் பார்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நாள் பார்ப்போம், பிடிபடவில்லை என்றால் ஃபேக்டரி என்பது அவர் தீர்ப்பு.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லூரி திறக்கும் முன்பே கேட்டு எழுதப் பழகிவிடுவது என்று முடிவு கட்டினேன். சொல்லித்தர ஆள் இல்லை. வானொலியில் மலாய்ச் செய்தி வரும்போது எழுதிப் பார்த்தேன். நான் முதல் செய்தியை முடிப்பதற்குள் அவர்கள் வானிலைக்கு வந்திருப்பார்கள்.

அப்போதுதான் கிள்ளான் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு மலாய்க்காரரைப் பார்த்தேன். கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு தைலம் விற்பவர். அவர் வாய்க்கு ஓய்வே கிடையாது. அம்மா காய்கறி வாங்கும் நேரமெல்லாம் நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எழுதித் தள்ளினேன். போகப் போக ஒன்று பிடிபட்டது. அவர் பேசுவதில் முக்கால்வாசி வேடிக்கை, மிச்சத்தில் பாதி ஏற்கெனவே சொன்னது. விஷயம் கொஞ்சம்தான், அதை மட்டும் எழுதினால் போதும்! அன்று வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தைலக்காரருக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. வாரா வாரம் ஒரு பெண் வந்து தன் பேச்சை எழுதிக்கொண்டு போனால் அவள் சுகாதார இலாகா ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். ஒருநாள் மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் வந்து, தன் தைலம் சுத்தமானது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார். கூட்டம் கலைந்தது. இப்படியே போனால் உங்கள் வியாபாரமும் கெடும், என் படிப்பும் கெடும், தயவுசெய்து வேகமாகப் பேசுங்கள் என்று இப்போது நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கல்லூரியின் முதல் நாள் விரிவுரையாளர் வணக்கம்கூடச் சொல்லாமல் பொருளாதாரத்தில் இறங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிறிது நேரத்தில் பேனாவைக் கீழே வைத்தார்கள். என் பேனா ஓடியது. அவர் கதை சொன்னால் எனக்கு ஓய்வு, விஷயத்துக்கு வந்தால் ஓட்டம். சந்தோஷத்தில் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த அப்பா, ஏதாவது புரிந்ததா என்று கேட்டார். எழுதியதை வைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் அவருக்குத் தமிழில் சொன்னேன். விலை ஏன் ஏறுகிறது, துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் யாருக்கு நட்டம் என்று எல்லாமே. அப்பா தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது. இடையில் சந்தேகம்கூடக் கேட்டார்.

நான் முடித்த பிறகுதான் அப்பா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"அந்த ஃபேக்டரி ஆளுகிட்ட வேற யாரையாவது எடுத்துக்கச் சொல்லிடறேன்," என்றார். பிறகு, "நாளைக்கும் வந்து சொல்லும்மா. நீ வந்தப்புறம்தான் சாப்புடுவேன்," என்றார்.