படத்துப் பையனின் அலறல்

எனக்கு அடி வாங்கத் தெரியும், கத்தத் தெரியாது. இது தெரியாமல்தான் வாத்தியார் தன் கதையில் வரும் பையனுக்குக் குரல் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

யுத்தத்துக்கு முந்தின காலம். ஆவடியில் பட்டாளக் கிடங்கெல்லாம் வரவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட சேக்காட்டைச் சுற்றி வயலும் செங்கல் சூளையும்தான். வாத்தியார் பூந்தமல்லியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சூளையிலிருந்து ஆட்டுக்குட்டியோடு ஓடிப்போகும் ஒரு பையனைப் பற்றிக் குழந்தைகளுக்கு நாவல் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் தானே படமும் போட்டிருந்தார். பட்டணத்துக் கிராமபோன் கம்பெனி ஒன்று அதை நாடகமாக்கிப் பிளேட்டு போட முன்வந்தது. கோயில் பாட்டில் என் குரல் பையன் குரல் மாதிரி ஒலித்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கூலி உண்டு என்றதும் என் புருஷன் மறுபேச்சு பேசவில்லை.

அந்த மனுஷன் அடிப்பதற்குக் காரணம் தேடி அலைந்ததே இல்லை. சோறு சூடாக இருந்தாலும் அடி, ஆறியிருந்தாலும் அடி. கையால், பெல்ட்டால், ஒருமுறை அரிக்கேன் விளக்கால். எங்களுடையது ஒட்டு வீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனால் எங்கள் வரிசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருப்பவள் வாய்விட்டுக் கூப்பிடாதவரை அடுத்த வீட்டுக்காரி படியேற மாட்டாள். ஏறினால் அவள் மானத்தை இவள் வாங்கியதாக ஆகிவிடும். கூப்பிட்டால் நம் மானத்தை நாமே வாங்கிக்கொண்டதாக ஆகும். அதனால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வோம். எனக்கு அதில் நல்ல தேர்ச்சி.

ஒத்திகை அம்பத்தூரில் வாத்தியார் வீட்டில் நடந்தது. வசனமெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வம்பு வந்தது ஒரே ஒரு படத்தால். சூளை மேஸ்திரி பிரம்பை ஓங்கியிருக்கிறான். பையன் தரையில் கிடக்கிறான், வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. முழுப் பக்கத்துக்கும் படம்தான். கீழே ஓர் எழுத்துகூட இல்லை.

"எழுத வரலம்மா, அதனாலதான் வரைஞ்சேன். பிளேட்டுல படம் தெரியாதே. இந்த வாய்க்குள்ள இருக்கிற சத்தத்தை நீதான் குடுக்கணும்" என்றார் வாத்தியார்.

மேஸ்திரியாக நடித்தவர் தலையணையைப் பிரம்பால் விளாசுவார். நான் "ஆ" என்பேன். காலில் முள் குத்தினவள்கூட அதைவிட நன்றாகக் கத்தியிருப்பாள். வேறு ஆள் பார்க்கலாமா என்று வாத்தியார் யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பையன் என்னுடையவன், அவனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கம்பெனியில் சுழலும் மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிவு செய்வார்கள். நடுவில் ஒருவர் பிசகினாலும் அந்த மெழுகு பாழ். அடிக்கிற காட்சியில் என்னால் இரண்டு பாழாயின. இன்ஜினீயருக்குத் தலையணைச் சத்தமும் பிடிக்கவில்லை. மைக்கில் பஞ்சு கொட்டுவதுபோல் கேட்கிறதாம். கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, மடித்து மேஜைமேல் போடச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிரம்பு விழுந்தது.

அது என் முதுகின் சத்தம். அச்சு அசல் அதே சத்தம். அத்தனை வருஷமும் அடியின் கீழே கிடந்துதான் அதைக் கேட்டிருக்கிறேன். தள்ளி நின்று கேட்டது அன்றுதான். யாரோ ஒரு பிள்ளையைக் கொல்கிறார்கள் என்று தோன்றியது. கத்தினேன். பிரம்பு நின்ற பிறகும் கத்தினேன். மேஸ்திரி அடுத்த வசனத்தை மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, மெழுகில் இடம் அதோடு முடிந்தது, பாழாகவில்லை.

பிளேட்டு வந்ததும் என் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தெருக்கோடி அரிசி மண்டிக்காரர் வீட்டில் கிராமபோன் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வாசலில் வைக்கச் சொல்லித் தெருவையே கூட்டிவிட்டார். "நம்ம ஊட்டுக்காரி பேசறா, எல்லாரும் வந்து கேளுங்க!"

கேட்டார்கள். ஆட்டுக்குட்டிக்குச் சிரித்தார்கள். பிரம்பு விழும் இடம் வந்தது. அப்புறம் என் அலறல். பக்கத்து வீட்டு அக்கா பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இந்த அடி சத்தம் எங்க ஊட்டு செவுத்துல தினிக்கும் கேக்குதுமே. நீ கத்தி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

என் புருஷன் பல்லைக் காட்டிச் சிரித்தார். என் கையைப் பிடித்து வீட்டுக்குத் தரதரவென்று இழுத்துவந்து தாழ்ப்பாள் போட்டார். "ஊரைக் கூட்டி வச்சிகினு என் மானத்த வாங்கறியாடி?" பெல்ட்டைக் கழற்றினார். முதல் அடி தோளில் விழுந்து தோல் கிழிந்தது. இரண்டாவது காதில் விழுந்தது. பழக்கத்தில் கை முந்தானையைத் தேடியது. மூன்றாவது விழுந்தபோது நனைந்த சாக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த முந்தானையை விட்டேன்.

அந்தக் கத்தலைத் தெரு ஏற்கெனவே கேட்டிருந்தது. யாருடைய குரல், எதற்கான குரல் என்று ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. கூப்பிட்டாயிற்று, படியேறலாம். கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து வந்தது. முன்னால் அக்கா, கையில் உலக்கை. பின்னால் துடைப்பமும் விறகுக்கட்டையுமாக மற்றவர்கள். "கைய எடுடா, கஸ்மாலம்!" உலக்கை அவருடைய வலது முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கை கோணலாகத்தான் கூடியது. என்மேல் அது மறுபடி ஓங்கவே இல்லை. அதெல்லாம் பிற்பாடு. அந்த நிமிஷம் அவர் தரையில் விழுந்து, வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார். வாத்தியார் மட்டும் அங்கே இருந்திருந்தால் முதல் மெழுகிலேயே சரி என்றிருப்பார்.