சிவப்பு வந்ததும் பிடுங்கு

பாவ்ஜூ அக்காவோடு வாதம் செய்வதற்குப் பதில் எங்கள் ஊர் காவ்சியுங் துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கையால் தள்ளிப் பார்க்கலாம். கப்பலாவது கொஞ்சம் அசையும்.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிசு. இளம் வயதில் ஏற்றுமதிப் பேட்டையில் ரேடியோவுக்குள் ஒயர் பற்றவைக்கும் வேலை பார்த்தவள். கணவர் போன பிறகு இரண்டு மகன்களையும் அந்தச் சம்பளத்தில்தான் ஆளாக்கினாள். அதனால் மின்சாரம் ஓடுகிற எதைப் பற்றியும் அவளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. "நான் செஞ்ச ரேடியோ அமெரிக்காவுல பாடுதுடி" என்பாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

விடியற்காலையில் பூங்காவில் எங்கள் நடனக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஒன்பது மணிக்குப் பங்குத் தரகர் கூடத்தில் முன்வரிசை நாற்காலி. மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு, சந்தை மூடும்வரை பங்கு விலை ஓடும் பெரிய பலகையை முறைத்துக்கொண்டிருப்பாள். விலை ஏறினால் எண்கள் சிவப்பு, இறங்கினால் பச்சை. பலகை சிவந்த நாளில் பக்கத்து நாற்காலிக்கெல்லாம் கொய்யாத் துண்டு போகும். பச்சையான நாளில் அவளிடம் மணி கேட்கக்கூட ஒருவருக்கும் தைரியம் வராது.

குழுவுக்கென்று செங்கல் அளவில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருந்தோம். சார்ஜ் போட்டு எடுத்துவந்தால் காலை முழுக்கப் பாடும் என்றார் கடைக்காரர். எங்களுடையது தினமும் மூன்றாவது பாட்டில் மூச்சை விட்டுவிடும். தூக்கிய கையோடு அத்தனை பெண்களும் அசடு வழிய நிற்போம். அக்கா கடைக்காரரைத் திட்டுவாள், கடல் காற்றைத் திட்டுவாள், பாட்டு ஏற்றிக் கொடுத்த பாவத்துக்கு என் மகனையும் திட்டுவாள்.

இதற்கிடையில் வந்தது கூரைப் பிரச்சினை. பூங்காவில் கூரை போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அதை ஹோங் அம்மாள் தலைமையில் ஆடும் இன்னொரு குழுவும் கேட்டது. வார்டு தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: சனிக்கிழமை நாங்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள். யார் தடங்கல் இல்லாமல் முழுக்க ஆடுகிறார்களோ அவர்களுக்குக் கூரை. மற்றவர்களுக்குக் கழிப்பறைப் பக்கத்து வெட்டவெளி. காவ்சியுங் வெயிலில் அங்கே ஆடினால் எங்களில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் நின்றுவிடுவார்கள். குழு உடைந்துவிடும். அக்காவுக்கு அந்தக் குழுவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? மகன்கள் இருவரும் தைப்பேயில்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்கே போனேன். என் கண்ணெதிரே பெட்டியில் பிளக்கைச் சொருகினாள். சிவப்பு லைட் எரிந்தது. தேநீர் ஊற்றினாள், குடித்தோம், கோப்பையைக் கழுவினாள், வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னக்கா, எடுத்துட்டீங்க?"

"சிவப்பு வந்துடுச்சே, பாக்கல? ஏறிடுச்சு."

"சிவப்புன்னா இப்பதான் ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்க்கா! பச்சை வந்தாதான் முழுசா நிரம்பியிருக்கு!"

"பச்சைன்னா எறக்கம்டி. ஒருநாள் மறந்து விட்டுட்டேன். பச்சையாப் போச்சு. உள்ள இருந்தது அத்தனையும் போயிருக்கும்."

"அன்னிக்குப் பாடுச்சா இல்லையா?"

"அன்னிக்கு மழை. யாரு ஆடினா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "தெருமுனையில சிக்னல் இருக்கே, அதுல பச்சைக்குத்தானே போறீங்க?"

"அது வண்டிக்கு. இது என்ன ரோட்டுலயா ஓடுது? ஏண்டி ஆகுய், ஒரு ஷேர் வாங்கியிருக்கியா நீ வாழ்க்கையில? வந்துட்டா எனக்குச் சொல்லித்தர!"

பெட்டியைத் தூக்கி, அவள் கைக்கு எட்டாதபடி குளிர்பெட்டியின் தலையில் வைத்துச் சொருகினேன். "நாளைக்குப் பாடலைன்னா கழிப்பறைப் பக்கம் முதல் வரிசையில நான் ஆடறேன், போதுமா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. அக்கா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு. காலையில பாத்தா பச்சை! நல்லவேளை, ஸ்டூல் போட்டு ஏறிப் பிடுங்கி மறுபடி சொருகினேன். ஒரு நொடி சிவப்பு வந்துச்சு. அப்படியே உருவிட்டேன்."

வார்டு தலைவர் சோயா பால் டம்ளரோடு ஓரமாக நின்றார். மூன்றாவது பாட்டு வந்தது, போனது. நான்காவது, ஐந்தாவது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் பெட்டி முதலிலிருந்து பாடத் தொடங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? சிவப்புல எடுத்தா இப்படித்தான்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அதோடு முடிந்ததா? ஹோங் அம்மாள் வேவு பார்க்க வந்திருந்தாள். பூங்காவில்தான் இருவரும் எலியும் பூனையும். தரகர் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, கொய்யாவில் பங்கு. அவளும் அதே பெட்டியைப் புதிதாக வாங்கியிருந்தாளாம்.

"பாவ்ஜூக்கா, இது முதல்ல சிவப்பு காட்டுமாம், அப்புறம் பச்சை காட்டுமாம். இன்னிக்குத்தான் சார்ஜ் போடணும். நீங்க எப்ப எடுக்கறீங்க?"

"சிவப்பு வந்ததும் எடுத்துடு. பலகை மாதிரிதான்."

"அதானே! நானும் அப்படித்தான் நெனச்சேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. எதிரிக் குழுதான், இருந்தாலும் பொய்யைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? "வேண்டாம்க்கா, பச்சை வர்ற வரைக்கும் விடுங்க!" என்றேன்.

ஹோங் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு சொல்றா பாரு. பச்சைக்கு விடணுமாம். நான் தோக்கணும்னு வழி சொல்றா!"

"அவளை விடு. அவ நல்லவதான், விவரம் பத்தாது" என்றாள் பாவ்ஜூ அக்கா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோங் குழு மஞ்சள் சட்டை போட்டு, உதட்டுச்சாயம் பூசி வந்தது. இரண்டாவது பாட்டு நடுவில் பெட்டி அடங்கிவிட்டது. மஞ்சள் சட்டைகள் கையைத் தூக்கியபடி நின்றன. ஹோங் அம்மாள் பெட்டியைக் குலுக்கினாள், தட்டினாள், கெஞ்சினாள். வார்டு தலைவர் தலையை ஆட்டிவிட்டு, கூரை எங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பெண்கள் குதித்தார்கள். பாவ்ஜூ அக்கா மட்டும் குதிக்கவில்லை. நேராகப் போய் ஹோங் அம்மாளின் தோளைத் தொட்டாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பச்சையாகிற வரைக்கும் விட்டுட்டியாடி?"

"இல்லக்கா, சிவப்புலதான் எடுத்தேன். முகம் கழுவிட்டு வந்து எடுத்தேன்."

"அதான்! முகம் கழுவற நேரத்துல எறங்க ஆரம்பிச்சிருக்கும். வந்ததும் பிடுங்கணும்."

"ஆமாக்கா, இன்னும் ஏறட்டும்னு ஆசைப்பட்டு விட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஹோங் அம்மாள். "நாங்க வெயில்ல ஆடிக்கிறோம்."

"வெயில்ல எதுக்கு? நீயும் உன் ஆளுங்களும் கூரைக்கு வந்துடுங்க. பாட்டு நம்ம பெட்டியில. சார்ஜ் நான் போடறேன்" என்றாள் பாவ்ஜூ அக்கா.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பெட்டியைத் தூக்கி என் பையில் போட்டுக்கொண்டு, அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். சொருகினேன். பச்சை வருகிறவரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.