தங்கச்சியின் இடுப்பளவு

நான் டொக்டரில்லை. கல்முனைக்குப் பக்கத்தில், கடலோரத்து முஸ்லிம் ஊரொன்றில் முப்பது வருடமாகப் பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறவள். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குள் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு புகுந்ததை முதலில் கண்டது யாரென்று கேட்டால், கூச்சமில்லாமல் என்னையே காட்டுவேன். பெருமையடிக்கிறேனா? ஓம், பெருமைதான். இதற்கும் அடிக்காவிட்டால் வேறு எதற்கு அடிப்பது!

சுனாமியில் வீடும் போய் மெஷினும் போனபின், முகாமில் தகரக் கொட்டில் ஒன்றும் நிவாரண மெஷின் ஒன்றும் கிடைத்தன. அந்த மெஷின் ஒரு சனியன், பத்து அடிக்கு ஒரு தடவை நூலை அறுக்கும். யாரோ எங்கிருந்தோ அனுப்பிய சட்டைகளையெல்லாம் பெண்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். முதல் சில மாதங்கள் எல்லாம் உள்ளே பிடித்துச் சிறிதாக்குகிற வேலை. அழுது அழுது வற்றிப்போன உடம்புகள். ஒரு வருடம் கழிந்தது. அதே சட்டைகள் திரும்பி வந்தன, இந்தமுறை இளக்கிவிடச் சொல்லி.

தோளளவு மாறவில்லை. கையளவு மாறவில்லை. நடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒருத்திக்கு என்றால் பரவாயில்லை, கொட்டில் வரிசை முழுக்க அப்படி. தின்று கொழுத்துவிட்டார்களென்று ஊரில் சில வாய்கள் கதைத்தன. எதைத் தின்றோம்? கோதுமை மா ரொட்டி, நிவாரண பிஸ்கட், துக்கம் கேட்டு மையத்து வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த சீனி. அள்ள ஒரு கிணறில்லை, கூட்ட ஒரு முற்றமில்லை. குந்தியிருந்து பாலில்லாத பிளேன்ரீ குடித்தோம், குடித்துவிட்டு அழுதோம். அவ்வளவுதான் அன்றைய எங்கள் தொழில்.

எனக்கு மிஞ்சிய ஒரே இரத்தம் என் தங்கச்சி. அவளுக்கு இருந்தது ஒரே மகள், ஆறு வயது. தண்ணீர் அந்தப் பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வீடு கட்டக் காசு தேடி அவள் புருசன் கட்டாருக்குப் போனதும், அவளை என் கொட்டிலுக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் நான்கு வீட்டுச் சட்டைகள்தான். புதிதாக ஒன்று தைக்கட்டுமா என்றால், "என்னத்துக்கு ராத்தா? யாருக்கு உடுத்திக் காட்ட?" என்பாள். பானை பானையாகத் தண்ணீர் குடித்தாள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கவலை தின்கிறது என்று நினைத்தேன். அளவெடுக்கும் கைக்குத் தெரிந்ததை மனம் ஏற்கவில்லை.

இங்கேதான் நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. எந்தப் பெண்ணின் இடுப்பளவையும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். கொப்பியில் குறித்துக்கொள்வோம், உள்ளே இரண்டு விரல் துணியை மடித்துத் தைப்போம். பிறகு உடம்பு கொஞ்சம் வைத்தால் ஒன்றும் கேளாமல் அந்த மடிப்பைப் பிரித்துவிடுவோம். ஊரார் மனம் நோகக்கூடாதென்று செய்கிற வேலையை என் தங்கச்சிக்குச் செய்யாமல் விடுவேனா? அவள் சட்டைகளைக் கழுவிக் காயவைத்து எடுக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் பக்கத்துத் தையலைப் பிரித்து ஒரு விரல் இளக்கித் தைத்து வைப்பேன். இரண்டு வருடத்தில் ஐந்து தடவை. மடிப்புத் துணி முடிந்ததும் அதே நிறத்தில் பட்டி தேடி வைத்துத் தைத்தேன். மகளை நினைத்துச் சாகிறவள், உடம்பை நினைத்தும் ஏன் வெட்கப்படவேண்டுமென்ற எண்ணம். பாசம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் அவள் காலைத் தகரம் வெட்டியது. சின்ன வெட்டு. பத்து நாளில் ஆறவேண்டியது, ஒரு மாதமாகியும் வாய் மூடவில்லை, கெட்டு மணக்கத் தொடங்கியது. எனக்கு வந்த கோபத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், பக்கத்து ஊர் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். ஊசி போடும் கையும் மெது, கதையும் மெது. இரத்தம் எடுத்தாள், பிரஷர் பார்த்தாள், பிறகு அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். என் தொழில் சாமான் அந்த இடத்தில் கிடந்ததைக் கண்டு எனக்குத் திக்கென்றது. அடுத்த கிழமை முடிவு வந்தது. மிஸ்ஸி தங்கச்சியிடம் சொன்னாள்:

"பாருங்க அக்கா, சீனி கூட, பிரஷர் கூட, இரத்தத்தில கொழுப்பும் கூட. இடுப்பும் ஏறியிரிக்கி. இது நாலும் வேற வேற வருத்தமில்ல, ஒரே குடும்பம். ஒண்டு வந்து குந்தினா மத்ததுகளையும் கூப்பிடும். இப்பிடியே விட்டா இந்தக் காலும் போகும், மறுகா ஹாட்டும் போகும்."

தங்கச்சி நிமிர்ந்தாள். "மிஸ்ஸி, நீங்க ஆரையோ மாறிக் கதைக்கிறீங்க. எனக்கு எங்க இடுப்பு ஏறின? சுனாமிக்குப் புறகு கிடைச்ச சட்டையத்தான் இண்டைக்கும் உடுத்திரிக்கன். அளவா இரிக்கிதே!"

அந்த இடத்தில் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். சட்டையின் பக்கத்துப் பட்டியைப் பார்த்தாள். தையல் தெரிந்தவள் போலிருக்கிறது, விளங்கிவிட்டது. அவள் கேட்குமுன் நானே சொன்னேன். ஐந்து தடவையையும் சொன்னேன்.

கொட்டிலுக்குள் வந்ததும் தங்கச்சி ஆஸ்பத்திரியில் தந்த குளிசைப் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "எனக்கு ஒரு குளிசையும் வேணாம். காலும் போகட்டும், உசிரும் போகட்டும். என்னய உட்டுருங்க ராத்தா, நான் என்ட மகளிட்டப் போறன்."

நான் பொறுமைசாலி இல்லை. ஊருக்கே தெரியும். "போ! நீ போய் மகளப் பாப்பாய். நான் ஆரப் பாக்கிற? உம்மாவும் இல்ல, வாப்பாவும் இல்ல, எனக்கெண்டு ஒரு புள்ளயுமில்ல. உன்னயும் கொண்டுபோய் அடக்கிப்போட்டு நான் இந்தத் தகரத்தோட கதைக்கிறதா?" என்று கத்தினேன். கத்திய கத்தில் அடுத்த கொட்டில்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிறகு அவளுக்கு முன்னாலேயே நான்கு சட்டைகளையும் எடுத்து, பட்டிகளைப் பிய்த்து, பழைய அளவுக்கே திரும்பத் தைத்தேன். "இனி ஒரு நூலும் உடமாட்டன். இது உனக்கு அளவா வரும்வரைக்கும் தொளதொள ஹபாயாவ உடுத்திட்டுக் கிட."

இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை குளிசையைத் தானே எடுத்துப் போட்டாள். நான் காணாதது போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆற மூன்று மாதம் எடுத்தது. ஆறியதும் நடக்கச் சொன்னாள் மிஸ்ஸி. கடல் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள் தங்கச்சி, ஆகையால் வயல் பக்கம் போனோம். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு இரண்டு ஹபாயாக்கள் விறுவிறுவென்று போவதைக் கண்டு ஊர் சிரித்தது. "குமரியள் ரெண்டு மாப்பிள தேடிப் போகுதுகள்" என்றாள் ஒருத்தி. "உனக்கும் ஒண்டு பாத்துட்டு வாறம், பொறு" என்றேன். இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை நடந்த காலம், பாதையில் இராணுவக் காவலரண். ஒரு சிங்களச் சிப்பாய் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று உடைந்த தமிழில் கேட்டான். "சீனி குறைக்கப் போறம் தம்பி" என்றேன். அவன் முகம் மாறியது. "எங்கட அம்மாவுக்கும் சீனி" என்று பாதையை மறித்திருந்த தடியைத் தூக்கி வழிவிட்டான். அதன்பின் ஒருநாளும் மறிக்கவில்லை.

பிளேன்ரீக்குச் சீனி நின்றது. வெள்ளைச் சோறு நின்று சிவப்பரிசி வந்தது. நோன்பு வருமுன் மிஸ்ஸியிடம் போய்க் குளிசை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தாள், நான் சொல்லாமலே. சிரித்த பெண்களே ஒவ்வொருத்தியாகப் பின்னால் சேர்ந்தார்கள், கடைசியில் பதினொரு பேர். நான் இடுப்பளவுகளைக் கொப்பிக்குள் ஒளித்தது போதும் என்று, வருகிறவளின் முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கினேன். இரண்டு பேர் கோபித்து வேறு தையல்காரியிடம் போனார்கள். போகட்டும், மற்றவர்கள் கிளினிக்குக்குப் போனார்கள். கிளினிக் வாசலில் எங்கள் ஊர்ப் பெண்களின் வரிசையைக் கண்டால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சண்டை முடிந்த வருடம் தங்கச்சிக்கு அந்தப் பழைய சட்டைகள் நான்கும் சரியாக வந்தன. ஊரெல்லாம் வெடி கொளுத்திய நாட்கள். சந்தோசமா பயமா என்று தெரியாமல் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம், அப்போது கல்வீடு கிடைத்திருந்தது, அவள் புருசன் இன்னும் கட்டாரில்தான். நான் மெஷினில் குனிந்திருக்கிறேன். பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றி நாடா வந்தது.

"அசையாதீங்க" என்றாள் தங்கச்சி. அளவைப் பார்த்தாள். இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள். "ராத்தா, ஊருக்கெல்லாம் அளவெடுத்தீங்க. உங்கட அளவ ஆரு எடுத்த?"

"எனக்கென்ன வந்த? விடு புள்ள."

"நேத்து மூணு தரம் தண்ணி குடிக்க எழும்பினீங்க. பாத்துட்டுத்தான் கிடந்தன். நாளைக்குக் காலையில ஒண்டும் தின்னாம வெறும் வயித்தோட கிளினிக்குக்கு வெளிக்கிடுங்க."

நான் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தேன். அவள் நாடாவை விடவில்லை. "எனக்கு இன்னொரு மௌத்துத் தாங்க ஏலா ராத்தா" என்றாள்.

மறுநாள் அவளே முன்னால் போய் நம்பர் எடுத்தாள். எனக்குச் சீனி இருந்தது, பிரஷரும் இருந்தது. மிஸ்ஸி அட்டை எழுதும்போது, வீட்டில் குளிசை கொடுத்துப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்களென்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் தங்கச்சி முந்திக்கொண்டாள்.

"நான் இரிக்கன்."