வாயில்லாத இருவர்

பல் செட் செய்வதில் அவர் கைக்கு இணையில்லை என்று பல் டாக்டரே சொல்வார். மெழுகில் ஈறு வார்த்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. நாள் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. அந்தக் குறையை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீர்த்துக்கொள்வார். தட்டில் கை வைத்தால் கை கழுவும்வரை அவர் ராஜ்ஜியம்தான். மனைவியும் மகளும் ‘உம்’ கொட்டுவார்கள். குறையில்லாத குடும்பம் என்றே நினைத்திருந்தார்.

மனைவி ஞாயிறுதோறும் ஓவிய வகுப்புக்குப் போய்வந்தாள். அந்த வகுப்பில் கண்காட்சி வைத்தபோது, பூவோ படகோ வரைந்திருப்பாள் என்று நம்பி, இஸ்திரி போட்ட சட்டையில் போனார்.

அவள் படத்தில் இருந்தது அவர்கள் வீட்டு மேசை. அவருடைய நாற்காலியில் ஆள் இல்லை. ஆளுயரப் பல் செட் ஒன்று, அவருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆவென்று திறந்திருந்தது. எதிரே மனைவியும் மகளும். இருவருக்கும் மூக்குக்குக் கீழே வழவழவென்று வெறும் தோல்.

அவருக்கு எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இதற்குப் பெயர் சர்ரியலிசம் என்று ஓவிய ஆசிரியை விளக்கினார். பகலில் மனசு பூட்டி வைப்பதைக் கனவு திறந்துவிடும், அதை மறைக்காமல் அப்படியே வரைவதுதானாம். அவருக்குப் பாதி ஏறவில்லை.

வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

“என்னை இப்படித்தான் நினைச்சிட்டிருக்கியா?”

“நான் நினைக்கலைங்க. கனவுல வந்துச்சு. வரைஞ்சு முடிச்சுப் பாத்து நானே ஆடிப்போயிட்டேன்.”

அன்று சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பேச்சே எழவில்லை. அந்த அமைதியில் மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பா, நான் நர்சிங் படிப்பை விட்டுட்டேன். போன வருஷமே. ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருது. சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன்.”

மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவளுக்கும் தெரியாது. தினமும் சீருடை போட்டுக் கிளம்பிய பெண்ணை இருவரும் வாசலில் நின்று வழியனுப்பியிருந்தார்கள்.

அவருக்குத் தலையில் இடி இறங்கியது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார்.

“இப்ப எங்கம்மா போயிட்டு வர்றே?”

செடி விற்கும் இடத்தில் வேலையாம். பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது, எரிந்து விழும் முதலாளி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கை காய்ந்துபோன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தன் மகளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

கோபம் தணிய வெகுநாள் ஆயிற்று. படத்தை வீட்டில் மாட்ட மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.